உயரத்தில் நிற்கும் கொப்புகளை இயந்திர வாளால் இறக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாரி பிறக்கும் முன்னரே மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் வளவுகளில் இயந்திர வாளின் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். ஓட்டுக் கூரையின் மேல் சாய்ந்த மாங்கொப்பு, மின்கம்பியை உரசும் வேம்பு, கிணற்றின் மேல் கவிந்த வாகை என்று வீட்டுக்கு ஒன்றாவது இருக்கும். அவற்றை இறக்குவது தேவையான வேலைதான். ஆனால் நிலத்தில் கிடக்கும் மரத்தை அறுத்துப் பழகிய கை, அதே வாளோடு இருபது அடி உயரத்துக்கு ஏறும்போது வேலையின் தன்மையே மாறிவிடுகிறது. வீட்டுக்காரர்களும் வாள் பிடிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

ஏணியில் நின்றபடி இயந்திர வாளால் கொப்பை வெட்டலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் வேறு எதையும் வாசிக்க நேரமில்லை என்றாலும் இந்த ஒரு பதிலை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறுபட்ட கொப்பு நேராகக் கீழே விழும் என்றுதான் எல்லோரும் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அப்படி விழுவதில்லை. இலைச் செறிவுள்ள நுனி முதலில் நிலத்தில் குத்தும். கனமான அடிப்பகுதி அடிமரத்தை நோக்கித் திரும்பி வரும். ஏணி நிற்பதும் அந்த வழியில்தான். ஏணியை அதே கொப்பில் சாய்த்திருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. நுனிப் பாரம் நீங்கியதும் மரத்தில் எஞ்சிய துண்டு மேல்நோக்கி எழும். ஏணியின் தலை பிடிமானம் இழந்துவிடும். வாளைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும், ஏணியைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. ஏணியை இருவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டாலும் நிலை மாறாது. அவர்களும் கொப்பு விழும் இடத்தில் நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

ஏணி வேண்டாம், நிலத்தில் நின்றே வாளைத் தலைக்கு மேல் தூக்கி வெட்டினால்?

அதுவும் வேண்டாம். வாளைத் தோள் உயரத்துக்கு மேல் கொண்டுபோகக் கூடாது. தோளுக்கு மேலே போனால் கைக்குப் பலம் இல்லை, வாளின் மூக்கு எதைத் தொடுகிறது என்று கண்ணுக்கும் தெரியாது.

மூக்கைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. சங்கிலி ஓடும் அலகின் முனையில் மேற்பக்கமாக இருக்கும் கால்வட்டப் பகுதி மரத்தில் பட்டால், சங்கிலியின் பற்கள் மரத்தைக் கடித்து நின்று, அலகு முழுவதையும் மேல்நோக்கிப் பின்பக்கம் எறியும். வாள் உதைப்பது என்பது இதுதான். முழு வேகத்தில் சங்கிலி விநாடிக்கு ஏறத்தாழ 20 மீற்றர் ஓடுகிறது. நீங்கள் நினைத்துக் கையை இழுப்பதற்குள் அலகு முகத்துக்கு வந்துவிடும். நிலத்தில் வெட்டும்போது உதைத்தால் அலகு பெரும்பாலும் தோளைத் தாண்டிப் போக இடமிருக்கும். தலைக்கு மேல் பிடித்திருந்தால் அது வந்து விழும் இடம் கழுத்தும் முகமும்தான்.

முன்பிடியின் எதிரே இருக்கும் காப்பு வெறும் கைக்காப்பு அல்ல, சங்கிலியை நிறுத்தும் பிரேக்கும் அதுவே. அது உடைந்த வாளை வேலைக்கு எடுக்கவே வேண்டாம். இடது கைப் பெருவிரல் முன்பிடியைச் சுற்றி மடங்கியிருக்க வேண்டும். பெருவிரலையும் மற்ற விரல்களோடு மேலே வைத்துப் பிடிப்பவர்களின் கையிலிருந்து, வாள் உதைக்கும்போது பிடி நழுவிவிடுகிறது.

அப்படியானால் உயரக் கொப்பை எதைக் கொண்டு வெட்டுவது?

கொப்பின் தடிப்பையும் உயரத்தையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். மணிக்கட்டு அளவு தடிப்புள்ள கொப்புக்கு நீண்ட கோலில் பொருத்திய வளைந்த கைவாள் போதும். நிலத்தில் நின்றபடியே, கொப்புக்கு நேர்கீழே நிற்காமல், சற்று விலகி நின்று அறுக்கலாம். கை நின்றால் கைவாளும் நின்றுவிடும் என்பதே அதன் பெரிய நன்மை. கோலின் முனையில் சிறு இயந்திர வாள் பொருத்திய கருவிகளும் உண்டு; அவை கனமானவை, சிறிது நேரத்திலேயே தோள் சோர்ந்துவிடும். ஆகவே இடைக்கிடை இறக்கிவைத்து வேலை செய்யுங்கள். உலோகக் கோல் எதுவானாலும் மின்கம்பி உள்ள பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

தொடையளவு தடிப்பு, கோலுக்கு எட்டாத உயரம், கீழே கூரை அல்லது மதில் என்றால் அது கயிறும் இடுப்புப் பட்டையும் கொண்டு மரத்தில் வேலை செய்யப் பயின்றவருக்குரிய வேலை. வாகனம் உள்ளே வரக்கூடிய வளவானால், கூடை பொருத்திய தூக்கி வாகனத்தை வாடகைக்கு எடுப்பது அதைவிட நல்லது.

மேற்பக்கம் கைபிடி வைத்த சிறிய இயந்திர வாள் கடைகளில் கிடைக்கிறது. வீட்டுக்கு வாங்கலாமா?

வேண்டாம். மரத்தில் கயிற்றில் தொங்கி வேலை செய்யும் பயிற்சி பெற்றவர்களுக்காக வடிவமைத்த வாள் அது. ஒற்றைக் கையால் பிடிக்க வசதியாக இருப்பதால் எல்லோரும் ஒற்றைக் கையால்தான் பிடிக்கிறார்கள். மற்றக் கை கொப்பைப் பிடித்திருக்கும், சங்கிலிக்கு ஒரு சாண் தூரத்தில். வீட்டு வேலைக்குப் பின்பக்கம் கைபிடி உள்ள வாளே பொருத்தம்.

மரம் ஏறுபவரிடம் என்னென்ன இருக்க வேண்டும்?

இடுப்பையும் தொடைகளையும் தாங்கும் பட்டை, ஏறுவதற்கென்றே செய்த கயிறு, தலைக்கவசம். இவற்றோடு, வாளை இயக்கும் நேரத்தில் அவர் மரத்தோடு இரண்டு இடங்களில் பிணைந்திருக்க வேண்டும். ஓடும் சங்கிலி கயிற்றைத் தொட்டால் கணத்தில் அறுத்துவிடும். அதனால்தான் இரண்டில் ஒன்று, பட்டையிலிருந்து மரத்தைச் சுற்றிவரும், உள்ளே உருக்குக் கம்பி ஓடும் இடைக்கயிறாக இருப்பது நல்லது. வாளையும் தனிக்கயிற்றில் பட்டையோடு பிணைத்திருக்க வேண்டும். ஒரு கொப்பிலிருந்து அடுத்த கொப்புக்கு மாறும்போது இயந்திரத்தை நிறுத்தியோ பிரேக்கைப் போட்டோதான் நகர வேண்டும்.

நம் கரையோரத்தில் ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன், அதைச் சொல்லாமல் விட முடியவில்லை. தோணியில் பாவித்துக் கழித்த நைலோன் கயிற்றை மரம் ஏற எடுத்துக்கொள்கிறார்கள். வெயிலிலும் உப்பிலும் கிடந்த கயிறு வெளியே வெளுத்திருக்கும். கையால் தடவினால் மாவாக உதிரும். அந்தக் கயிறு ஆள் பாரத்தைத் தாங்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. விறகு கட்டக் கொடுத்துவிடுங்கள்.

தளைநார் போட்டுத் தென்னையில் ஏறி இறங்கும் திறமை பெரிய திறமை. ஆனால் அந்த முறையில் இரு கையும் மரத்தைப் பிடித்திருக்க வேண்டும். கையில் இயந்திர வாளைக் கொடுத்ததும் அந்தத் திறமை அவரைக் காப்பாற்றாது.

கொப்பை எந்த இடத்தில், எப்படி வெட்ட வேண்டும்?

மூன்று வெட்டாக. வேம்பில் ஒரே வெட்டாக மேலிருந்து அறுத்தால் என்ன நடக்கும் என்று கவனித்திருப்பீர்கள். பாதி அறுபட்டதும் கொப்பு தன் பாரத்தால் மளமளவென்று சாயும். அடிப்பக்க மரம் அறுபடாமல் நாராகக் கிழிந்து, பட்டையை உரித்துக்கொண்டு அடிமரத்தில் ஒரு முழம், இரண்டு முழம் கீழே வரும். மரத்துக்குக் காயம். அந்த இழுப்பில் வாளின் அலகும் சிக்கி, பிடித்திருப்பவரையும் கொப்பின் பக்கம் இழுக்கும்.

முதல் வெட்டு அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளி, கொப்பின் கீழ்ப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி, தடிப்பில் கால் பங்கு வரை. அதற்கு மேல் போனால் அலகு இறுகிவிடும். இரண்டாவது வெட்டு மேலிருந்து, முதல் வெட்டுக்கு இரண்டு மூன்று அங்குலம் நுனிப் பக்கமாக. வெட்டு ஆழமாகும்போது கொப்பு கீழ்வெட்டு இருக்கும் இடத்தில் சுத்தமாக முறிந்து விழும். கிழிவு அங்கேயே நின்றுவிடும். இப்போது மரத்தில் இருப்பது பாரமில்லாத ஓர் அடிக் கட்டை. மூன்றாவது வெட்டில் அந்தக் கட்டையை எடுங்கள்.

கொப்பு அடிமரத்தோடு சேரும் இடத்தில் சற்றுப் புடைத்த வளையம் ஒன்று தெரியும். அந்த வளையத்தை விட்டு, அதற்கு வெளியே வெட்ட வேண்டும். மரம் காயத்தை மூடுவது அந்த வளையத்திலிருந்துதான். அடிமரத்தோடு ஒட்டச் சீவினால் காயம் பெரிதாகி உள்ளே உக்கும். நீளமாகக் கட்டை விட்டாலும் உக்கும். தாரோ பெயின்டோ பூச வேண்டிய தேவை இல்லை.

கூரைக்கு மேல் நிற்கும் கொப்பைக் கயிறு கட்டி இறக்கலாமா?

இறக்கலாம், ஆனால் முதலில் பாரத்தைக் கணக்குப் பார்த்துவிடுங்கள். ஓர் அடி குறுக்களவும் பத்து அடி நீளமும் உள்ள பச்சை மரத்துண்டு ஒன்று ஏறத்தாழ 200 கிலோ வரும். இலையும் சிறு கொப்பும் அதற்கு மேல். நான்கு பேர் பிடித்தால் தாங்கிவிடலாம் என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அறுபட்ட கணத்தில் கயிற்றில் விழும் இழுப்பு, துண்டின் பாரத்தைவிடப் பல மடங்காக இருக்கும். நான்கு பேரையும் நிலத்திலிருந்து கிளப்பிவிடும்.

ஆகவே நுனியிலிருந்து சிறு சிறு துண்டாக எடுத்து வாருங்கள். இறக்கும் கயிற்றை மேலே உறுதியான கவட்டின் வழியாகப் போட்டு, கீழ்முனையை அடிமரத்தைச் சுற்றி இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, அந்த உராய்வில் பாரத்தைத் தாங்க விட்டு மெல்ல மெல்லத் தளர்த்த வேண்டும். கயிறு பிடிப்பவர் அதைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ளக் கூடாது. அவர் நிற்கும் இடம் துண்டு இறங்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக இருக்கட்டும்.

மரத்தின் இனத்தையும் கணக்கில் எடுங்கள். புளியங்கொப்பு வளைந்து கொடுக்கும், இலகுவில் முறியாது. முருங்கையும் இலவும் முன்னறிவிப்பு இல்லாமல் முறியும். அவற்றில் ஆள் பாரத்தை வைக்கவே வேண்டாம். பழைய மாமரத்தின் கவட்டில் தண்ணீர் தேங்கி உள்ளே கோறையாகியிருக்கலாம். சுத்தியலால் தட்டிப் பாருங்கள், சத்தமே சொல்லிவிடும்.

மின்கம்பிக்கு அருகில் உள்ள கொப்பை நாங்களே வெட்டலாமா?

வேண்டாம். ஆளோ, வாளோ, கோலோ, கயிறோ, விழும் கொப்போ கம்பிக்கு மூன்று மீற்றருக்குள் வரக்கூடிய சந்தர்ப்பம் இருந்தால், வேலையைத் தொடங்காமல் மின்சார சபைக்கு அறிவியுங்கள். 1987 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், அருகிலுள்ள மின்சார அலுவலகத்திலும் சொல்லலாம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு வெட்டுவதா, அவர்களே ஆள் அனுப்புவதா என்று அவர்கள் முடிவு செய்யட்டும். சில நாள் காத்திருக்க நேரலாம். காத்திருங்கள்.

வீட்டு மெயின் சுவிட்சை நிறுத்தினால் போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அந்தச் சுவிட்சுக்கு வெளியே, கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பியில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வருவது 230 வோல்ற்று; வீதியோரம் உயரக் கம்பங்களில் ஓடும் கம்பிகளில் 11,000 அல்லது 33,000 வோல்ற்று இருக்கலாம். அந்த அழுத்தத்தில் தொடாமலே பாயும். கறுப்பு உறை போட்டு முறுக்கிய கம்பிகளையும் நம்ப வேண்டாம். கொப்பு ஆண்டுக் கணக்கில் உரசியதில் உறை தேய்ந்திருக்கும். பச்சை மரம் மின்சாரத்தைக் கடத்தும், மழையில் நனைந்த மரம் இன்னும் நன்றாகக் கடத்தும்.

கொப்பு விழுந்து கம்பி அறுந்து நிலத்தில் கிடந்தால் பத்து மீற்றருக்குள் ஒருவரையும் விடாதீர்கள். ஆள் ஒருவர் கம்பியோடு தொடுப்பில் இருந்தால், அவர் உங்கள் பிள்ளையாகவே இருந்தாலும், மின்சாரம் துண்டிக்கப்பட்டது உறுதியாகும் வரை தொடக்கூடாது. முதலில் பிடித்தவரைக் காப்பாற்றப்போய் இரண்டாவது ஆளும் போய்விடுவதுதான் இத்தகைய விபத்துகளில் நடக்கிறது.

கீழே எவ்வளவு தூரம் விலகி நிற்க வேண்டும்?

வெட்டும் கொப்பின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு. கொப்பு முப்பது அடி உயரத்தில் இருந்தால் அறுபது அடி. எழுவான்கரையின், அதாவது வாவிக்குக் கிழக்கே கடற்கரைப் பக்கத்தின், நெருக்கமான வளவுகளில் அவ்வளவு இடம் கிடைக்காது. அப்படியானால் பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி, அந்த நேரம் ஆட்களை வெளியே நிற்கச் செய்யுங்கள். ஒழுங்கையின் இரு முனையிலும் ஒவ்வொருவர் நின்று மோட்டார் சைக்கிள்களை மறிக்கட்டும். கோழியை விரட்டப் பிள்ளை ஓடிவரும். ஆகவே பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது மேல்.

வாள் ஓடும்போது கூப்பிட்டாலும் மேலே இருப்பவருக்குக் கேட்காது. கைச்சைகைகளை முன்னரே பேசிவைத்துக்கொள்ளுங்கள். மேலே இருப்பவர் கையைக் காட்டி அனுமதிக்கும் வரை கீழே ஒருவரும் கொப்பை இழுக்கப் போகக் கூடாது.

சாரமும் செருப்பும் உடுத்து வேலை செய்யலாமா?

இல்லை. சாரத்தின் தொங்கல் சங்கிலியில் சுற்றினால் காலையும் சேர்த்து இழுக்கும். தடித்த நீளக் காற்சட்டை, முனை உறுதியான சப்பாத்து, தலைக்கவசம், கண்ணாடி ஆகியவை வேண்டும். இயந்திர வாளுக்கென்றே செய்த காற்சட்டையில் நீண்ட நார்கள் பல அடுக்காக இருக்கும். சங்கிலி பட்டதும் நார்கள் பல்லுச்சக்கரத்தில் சுற்றி வாளை நிறுத்திவிடும். விலை அதிகம்தான், தினமும் இதே தொழில் செய்பவர் எப்படியாவது ஒன்றை வாங்க வேண்டும். காதுக்கும் காப்பு தேவை. இந்த வாள்களின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். செவி கெடுவது வலியில்லாமல் நடக்கிறது.

எந்த மாதத்தில் வெட்டுவது நல்லது?

எங்கள் பகுதிக்குப் புரட்டாதியை ஒட்டிய செப்டம்பர் பொருத்தமானது. கச்சான் எனும் தென்மேற்குக் காற்றின் வேகம் தணிந்திருக்கும், மாங்காய் முடிந்திருக்கும், மாரி இன்னும் தொடங்கியிருக்காது. ஒக்ரோபரில் பின்னேர இடிமழை வந்துவிடும். நவம்பர், டிசம்பர் மாதங்களில் நனைந்த பட்டையில் ஏறுவது பெரும் ஆபத்து. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைக் கண்ட பெரியவர்கள், ஐப்பசிக்குள் கொப்புக் கழிக்கும்படி இன்றும் வற்புறுத்துவார்கள். அவர்கள் சொல்வது சரி. காலை வேளையில், கடற்காற்று எழும் முன்னர் வேலையை முடித்துவிடுங்கள்.

புயலில் பாதி முறிந்து தொங்கும் கொப்பை எப்படி எடுப்பது?

உயரத்தில் தொங்குவதானால் அதன் கீழ் நடக்கவே கூடாது. சுற்றிக் கயிறு கட்டி வழியை மறித்துவிட்டு, அனுபவமுள்ளவரை அழையுங்கள்.

நிலத்துக்கு வந்து வளைந்து இறுகிக் கிடக்கும் கொப்பிலும் வாள் வைக்கும் முன் யோசிக்க வேண்டும். வளைவின் உட்பக்கம் நெருக்கப்பட்டிருக்கும், வெளிப்பக்கம் இழுபட்டிருக்கும். இழுபட்ட பக்கத்தில் முதலில் வெட்டினால் கொப்பு வெடித்து முகத்தில் அடிக்கும். நெருக்கப்பட்ட பக்கத்தில் முதலில் சிறிதளவு வெட்டி, பிறகு இழுபட்ட பக்கத்தை மெதுவாக அறுக்க வேண்டும். நிற்பது வளைவின் உட்பக்கமாக, கொப்பு விசிறும் வழியை விட்டு விலகி.

தென்னையை உயரத்திலிருந்து துண்டு துண்டாக இறக்குவது?

ஓலை, குரும்பை, தேங்காய் எல்லாம் முதலில் கீழே வர வேண்டும். வட்டில், அதாவது மரத்தின் உச்சியில், சிக்கும் தேங்காய் ஒன்று போதும், கீழே நிற்பவரின் தலைக்கு. செவ்வண்டு குடைந்த தென்னையில் ஏறவே கூடாது; குருத்து சாய்ந்திருந்தாலோ, மரத்தில் துளையும் தவிட்டு நிறக் கசிவும் தெரிந்தாலோ உள்ளே கூழாகியிருக்கலாம். இடமிருந்தால் கயிறு கட்டி, அடியில் வெட்டி முழுதாகச் சாய்ப்பதே பாதுகாப்பு.

குளவிக் கூடு இருந்தால்?

வாளின் அதிர்வில் குளவி கிளம்பும், மேலே இருப்பவருக்கு ஓட வழியில்லை. ஏறும் முன் எல்லாக் கொப்பையும் கீழிருந்து நன்றாகப் பாருங்கள். மாமரத்தில் முசுறு எனும் செவ்வெறும்பின் கூடும் இருக்கும். அது கடித்தால் உயிர் போகாது, ஆனால் கை வாளை விட்டுவிடும்.

வாளைப் பொறுத்தவரை வேலைக்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

சங்கிலியின் இறுக்கம், பிரேக், எண்ணெய். அறுக்கும்போது சீவல் வந்தால் பல் கூராக இருக்கிறது. மாவாக வந்தால் மொட்டையாகிவிட்டது. மொட்டை வாளைத்தான் அழுத்திப் பிடிக்கிறோம், அழுத்தும்போதுதான் அது நழுவுகிறது. பெற்றோல் நிரப்பும் முன் இயந்திரம் ஆறட்டும். நிரப்பிய இடத்திலிருந்து மூன்று மீற்றர் தள்ளிப்போய் இயக்குங்கள்.

விபத்து நடந்துவிட்டால் முதலில் என்ன செய்வது?

வாளை நிறுத்துங்கள், 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். வாவிக்கு மேற்கே, படுவான்கரையின் உட்கிராமம் என்றால் பிரதான வீதிக்கு ஒருவரை அனுப்பி வழிகாட்டச் சொல்லுங்கள்.

இரத்தம் பாயும் காயத்தைச் சுத்தமான துணியால் முழுப் பலத்தோடு அழுத்திப் பிடியுங்கள். துணி நனைந்தால் எடுக்காமல் மேலே இன்னொன்றை வையுங்கள். கை கால்களில் அழுத்தியும் நிற்காவிட்டால், காயத்துக்கு மேலே, உடலின் பக்கமாக, நான்கு விரல் அளவு தள்ளி அகலமான துணியால் கட்டி, தடியொன்றைச் செருகி இரத்தம் நிற்கும் வரை முறுக்குங்கள். கட்டிய நேரத்தைக் குறித்துவைத்து வைத்தியரிடம் சொல்லுங்கள். வழியில் தளர்த்த வேண்டாம். விரல் துண்டாகியிருந்தால் ஈரத்துணியில் சுற்றிப் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். விரலில் ஐஸ் நேரே படக் கூடாது.

மேலே கயிற்றில் மயங்கித் தொங்குபவரை அசையாமல் தொங்கவிட்டால் சில நிமிடங்களிலேயே நிலைமை மோசமாகலாம். ஆகவே ஏறி இறக்கக்கூடிய இன்னொருவரும் இன்னொரு கயிறும் கீழே தயாராக இல்லாமல் ஒருவரை மேலே அனுப்பாதீர்கள்.

அனுமதி ஏதும் எடுக்க வேண்டுமா?

பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை வெட்ட, சொந்தக் காணியில் நின்றாலும், 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அனுமதி தேவை. கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். முதிரை, தேக்கு போன்ற மரங்களை வளவை விட்டு வெளியே கொண்டுபோகும் முன்னும் அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். இயந்திர வாள்களைப் பொலிஸில் பதிவு செய்யும்படி 2019இல் அரசாங்கம் அறிவித்தது. வாள்காரரிடம் பதிவு இருக்கிறதா என்று கேட்கத் தயங்க வேண்டாம். அயல்வீட்டு மரம் உங்கள் கூரைக்கு ஆபத்தாக நின்றால், பேசிப் பார்த்த பிறகு கிராம அலுவலரிடமோ பிரதேச சபையிலோ எழுத்தில் முறையிடலாம்.

கூலிக்கு ஆள் பேசும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மரத்தை வந்து பாராமல் தொலைபேசியிலேயே விலை சொல்பவரை வைக்காதீர்கள். வருபவர் மரத்தைச் சுற்றி நடந்து மேலே பார்க்கிறாரா, கம்பியைப் பற்றிக் கேட்கிறாரா, எத்தனை பேரோடு வருகிறார், கயிறும் பட்டையும் கொண்டுவருகிறாரா என்று பாருங்கள். முழு நாள் கூலியை முன்கூட்டியே பேசி முடியுங்கள். கொப்புக்கு இவ்வளவு என்று பேசினால் அவசரம் வந்துவிடும். வேலை நடுவில் வானம் இருண்டு, மிச்சத்தை நாளைக்கு வைத்துக்கொள்வோம் என்று அவர் சொன்னால், அதற்காகக் கூலியைக் குறைக்காதீர்கள்.